விரல் நுனியில் உயிரெழுத்து: கேள்வி - பதில்

ஒருவர் தொட்டதை இன்னொருவர் கைக்குக் கொண்டுபோகும் மின்னணுக் கையுறைகள் பற்றி இந்த இதழுக்கு வந்த கேள்விகள்.

மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வீடியோ காலில் முகத்தைப் பார்க்கிறேன், குரலைக் கேட்கிறேன். அவன் கையைப் பிடிக்க ஒரு கையுறை கிடைக்குமா? (இல்லத்தரசி, தேனி)

அவன் அழுத்தினான் என்ற செய்தி வரும் அம்மா. அவன் கையின் சூடும் கனமும் வராது. இன்றைய சாதாரண கையுறைகளில் அவன் தன் கையுறையை அழுத்தினால், உங்கள் கையுறைக்குள் ஒரு குட்டி மோட்டார் அதிரும். இறுக்கிப் பிடிக்கிற உணர்வு வேண்டுமென்றால் காற்றுப் பையோ, இழுக்கிற இழையோ வைக்க வேண்டும். உடனே கையுறை கனத்துவிடும், விலையும் ஏறிவிடும்.

ஆனால் நீங்கள் கேட்பதற்குக் கையுறையைவிட நல்ல இடம் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். அம்மாக்கள் பிள்ளையின் கையை நீவிவிடுவதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். உள்ளங்கையில் இந்த இழைகள் மிக மிக அரிது. அதனால் பாசத்துக்கு முன்கைப் பட்டை, எழுத்துக்கு உள்ளங்கை என்பது என் கணக்கு.

பிரான்செஸ்கா ரொசெல்லாவும் ரயன் ஜென்ஸும் 2002-இல் உருவாக்கிய 'ஹக் ஷர்ட்' என்ற சட்டை, அணைப்பை இன்னொரு சட்டைக்கு அனுப்பியது. 2006-இல் டைம் பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் மகனோடு பேசி ஒன்று முடிவு செய்யுங்கள்: ஒரு அதிர்வு வந்தால் என்ன, இரண்டு வந்தால் என்ன? "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" போதும். அர்த்தம் நீங்கள் இருவரும் வைப்பதுதான்.

கையுறைக்குள் என்னதான் இருக்கிறது? (எலக்ட்ரிகல் கடைக்காரர், விருதுநகர்)

உங்கள் கடையில் பாதி இருக்கும். அழுத்தத்தை அறிய 'வெலோஸ்டாட்' என்ற கருப்புத் தாள். கார்பன் கலந்த பிளாஸ்டிக். அழுத்தினால் மின்தடை குறையும். மின்சாரம் கடத்தும் துணித் துண்டு இரண்டுக்கு நடுவே இதை வைத்துத் தைத்தால் அதுவே சென்சார். உணர்த்துவதற்கு, செல்போனில் இருப்பது போன்ற நாணய வடிவ அதிர்வு மோட்டார். விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். உள்ளே எடை ஒரு பக்கமாக வைத்த சக்கரம் சுற்றுவதால் அதிர்கிறது. நடுவே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், புளூடூத், மணிக்கட்டில் பேட்டரி.

உங்கள் கையோடு ஒப்பிட்டால் இது ஏழைக் கருவி. ஒரு கையின் உட்புறத்தோலில் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு முனைகளைக்கூட இரண்டு என்று பிரித்தறியலாம். 10 மில்லிமீட்டர் மோட்டாரால் அந்த நுணுக்கத்துக்கு ஒருபோதும் வர முடியாது.

மோட்டாரை நேராக ஆர்டுவினோ பின்னில் கொடுத்தேன். போர்டு போய்விட்டது. (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

போகத்தான் செய்யும் தம்பி. பரவலான ஆர்டுவினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் ஒரு பின் தாங்கும் உச்சம் 40 மில்லிஆம்பியர். நாணய மோட்டார் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். நடுவே ஒரு டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு. டயோடை மறந்தால், மோட்டாரை நிறுத்தும்போது திரும்பி வரும் மின்னழுத்தம் அடுத்த போர்டையும் கொண்டுபோகும். லித்தியம் பேட்டரியை உள்ளங்கையில் வைக்கவே வேண்டாம். மடங்குகிற இடம், வியர்க்கிற இடம். மணிக்கட்டின் மேல்புறத்தில் உறை போட்டு வையுங்கள்.

எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். இதில் எங்களுக்கு வேலை உண்டா? (திருப்பூர் வாசகர்)

கட்டாயம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கையுறையில் சென்சார்களையும் அதிர்வுப் பகுதிகளையும் கணினி எம்பிராய்டரி மெஷினில்தான் துணியோடு சேர்த்துத் தைத்தார்கள். ஒரு கையுறையின் தையல் வேலை ஏறக்குறைய பத்து நிமிடம். கை அளவைக் கொடுத்தால் மெஷின் அந்த அளவுக்குத் தைக்கும். ஒரே அதிர்வு ஆளுக்கு ஆள் வேறாக உணரப்படும் என்பதால், அணிபவருக்கேற்ப அதிர்வைத் திருத்தும் முறையையும் சேர்த்திருந்தார்கள்.

இந்தக் கையுறைகள் பெரும்பாலும் தோற்பது எலக்ட்ரானிக்ஸில் இல்லை, தையலில். வெள்ளி பூசிய நூலில் வியர்வை பட்டால் கறுத்து, கடத்தும் திறன் குறைகிறது. இரண்டு நூல்கள் நெருங்கி ஓடி, விரலை மடக்கும்போது ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஷார்ட். துணி தளர்ந்தால் மோட்டார் தோலை விட்டு விலகி, சத்தம் வருமே தவிர உணர்வு வராது. இழுத்துத் தைத்தால் விரல் மரத்துப்போகும். இந்த நான்கையும் ஒரு சர்க்யூட் ஆளைவிட நல்ல டெய்லர் முதலில் கண்டுபிடிப்பார். சால்டர் வைக்கிறவரும் ஊசி பிடிக்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுமா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

அதே எம்.ஐ.டி. குழு பியானோவில் செய்து பார்த்தது: வாசிக்கத் தெரிந்தவரின் விரல் வரிசையைப் பதிந்து, கற்பவரின் அதே விரல்களில் அதிர வைத்தார்கள். எந்த விரல், எப்போது என்பதைக் கையுறை சொல்லிவிடும். தோல் திருப்பித் தள்ளுவதையும் சாப்பு விழும்போது கையை எவ்வளவு தளர்த்துவது என்பதையும் சொல்லாது. நடை பழகுவதற்கு உதவும். நாதம் வரவழைக்க மாணவர் உங்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டா? உண்மையில் யாருக்குத் தேவை? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்)

பார்வையும் செவியும் இரண்டுமே இல்லாதவர்களுக்கு ஐயா. எழுத்தாளர் ஹியரோனிமஸ் லோர்ம் பற்றிச் சொல்கிறேன். இயற்பெயர் ஹைன்ரிக் லாண்டெஸ்மான், 1821-இல் இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியில் பிறந்தவர். பதின்ம வயதில் செவி போயிற்று, பிற்காலத்தில் கண்ணும் போயிற்று. 1881-இல், தனக்கும் வீட்டாருக்கும் இடையே பேசுவதற்காகக் கையிலேயே ஓர் அகரவரிசையை அமைத்தார். ஜெர்மன் பேசும் நாடுகளில் இன்றும் அதில் பேசுகிறார்கள். கட்டைவிரல் நுனியில் தொட்டால் ஏ, ஆள்காட்டி விரல் நுனியில் ஈ, நடுவிரலில் ஐ, மோதிர விரலில் ஓ, சுண்டுவிரலில் யூ என்ற ரோமன் எழுத்துகள். உள்ளங்கையில் வட்டம் போட்டால் எஸ். விரல்களால் லேசாகத் தாளம் தட்டினால் ஆர். பழகிய இருவர் பேசும்போது விரல் ஓடுகிற ஓட்டத்தில் எழுத்து தெரியாது, வார்த்தைதான் தெரியும்.

இதில் ஒரே சங்கடம், பேசுபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையைப் பிடிக்க ஆள் இல்லாத நேரம் முழுக்க மௌனம். பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வகத்தில் டாம் பீலிங், உல்ரிகே கோல்னர், கெஷே யோஸ்ட் ஆகியோர் இதற்காகத்தான் லோர்ம் கையுறையை உருவாக்கி, 2012-இல் ஒரு மாநாட்டில் அதன் ஆய்வுக்கட்டுரையை முன்வைத்தார்கள். அணிந்தவர் மறு கை விரலால் தன் உள்ளங்கையிலேயே எழுதுகிறார். துணிச் சென்சார்கள் அதைப் படிக்கின்றன, புளூடூத் வழியாக போனுக்குப் போய் எஸ்.எம்.எஸ். ஆகிறது. பதில் வந்தால் கையுறையின் பின்புறத்தில் உள்ள மோட்டார்கள் எழுத்து எழுத்தாக அதிர்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு லோர்ம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சாதாரண போன் போதும்.

நான் படித்த தொடு கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். காரணம், அவர்கள் புது மொழி எதையும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. செவியும் கண்ணும் இழந்த ஒருவர் தனக்காக அமைத்துக்கொண்ட, நூறாண்டுக்கும் மேலாக மனிதர்கள் கையில் புழங்கிய மொழிக்கு ஒரு தபால் வண்டி ஓட்டினார்கள்.

எறும்பு ஊர்கிற மாதிரி மோட்டாரால் செய்ய முடியுமா? (ஏழாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்)

முயலே துள்ளும் கண்ணா! 1972-இல் ஃபிராங்க் கெல்டார்டும் கார்ல் ஷெரிக்கும் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். மணிக்கட்டில் சில தட்டு, கொஞ்சம் மேலே சில தட்டு, முழங்கை அருகே சில தட்டு, எல்லாம் வேகவேகமாக. தொட்டது மூன்று இடம்தான். ஆனால் கையில் ஒரு குட்டி முயல் படிப்படியாகத் துள்ளிப் போவது போல இருந்தது. தொடாத இடத்திலும் மூளை தானாகத் தட்டுகளை வைத்துவிட்டது. அதன் பெயரே 'தோல் முயல்'. தட்டுகளுக்கு இடையே நொடியில் நூறில் சில பங்குதான் இடைவெளி, அதனால் விரலால் தட்டிப் பார்த்தால் சரியாக வராது. விரல் நெடுக ஒரு கோடு இழுத்தது போல உணர்த்தக் கையுறையிலும் மூளையின் இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது. மோட்டார்களை வரிசையாக, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது என்று அதிர வைத்தால் புள்ளிகள் கோடாகிவிடும்.

லோர்ம் ஜெர்மன் எழுத்துக்கு. தமிழுக்கு எப்படிச் செய்வீர்கள்? (தமிழாசிரியை, புதுக்கோட்டை)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. 247 எழுத்தையும் கையில் வைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 குறிகள் போதும். கெல்டார்ட் 1957-இல் எழுதிய முறையில், மார்பில் கட்டிய ஐந்து அதிர்விகளைக் கொண்டு 45 குறிகளை மனிதர்கள் பிரித்தறிந்தார்கள்: இடம் ஐந்து, வலிமை மூன்று, நீளம் மூன்று. பழகியவர் நிமிடத்துக்கு 38 வார்த்தை வரை வாங்கினார். 31 நிச்சயம் எட்டும்.

நம் எழுத்து கையில் உட்காருகிற அழகைப் பாருங்கள். குறில் - நெடில் ஜோடிகள் ஐந்து, விரல்கள் ஐந்து. கட்டைவிரல் நுனியில் சட்டென்று தட்டினால் அ, தொட்டு நிறுத்தினால் ஆ. ஆள்காட்டியில் இ, ஈ. நடுவிரலில் உ, ஊ. மோதிர விரலில் எ, ஏ. சுண்டுவிரலில் ஒ, ஓ. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்த தொல்காப்பியக் கணக்கு அப்படியே மோட்டாரின் நேரக் கணக்கு. ஐ, ஔ இரண்டையும் மணிக்கட்டுக்குக் கொடுக்கலாம். ஆய்தத்துக்கு ஏதாவது மூன்று விரல் ஒரே நேரத்தில்.

மெய்யெழுத்து வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. கையில் ஆறு இடம்: ஐந்து விரல்களின் அடி, உள்ளங்கை நடு. வல்லினமும் மெல்லினமும் இனமாகவே வருவதால் க-ங ஓரிடம், ச-ஞ ஓரிடம், ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று ஆறும் நிரம்பிவிடும். அதே ஆறு இடங்களில் தட்டாமல் கோடாக வருடினால் ய, ர, ல, வ, ழ, ள.

வல்லினத்துக்கு அழுத்தி, மெல்லினத்துக்கு மெதுவாக என்று வைக்கத்தான் யாருக்கும் ஆசை வரும். நான் வைக்க மாட்டேன். கையுறை கொஞ்சம் நகர்ந்தாலே பலமான அதிர்வு மெல்லியதாகிவிடும், ப ம-வாகிவிடும். வல்லினத்துக்கு ஒரு தட்டு, மெல்லினத்துக்கு இரட்டைத் தட்டு என்பதே உறுதி. அப்போது 'அம்மா' இப்படி வரும்: கட்டைவிரல் நுனியில் குறில், சுண்டுவிரல் அடியில் இரட்டைத் தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி இரட்டைத் தட்டு, கட்டைவிரல் நுனியில் நெடில். அந்த இடைவெளியை விட்டுவிட்டால் நான்கு தட்டும் ஒன்றாகக் குழம்பும். நாணய மோட்டார் வேகம் பிடிக்கவும் அடங்கவும் சில பத்து மில்லி செகண்ட் எடுத்துக்கொள்வதால் இந்த இடத்தில்தான் அது காலை வாரும். முன்னும் பின்னும் ஆடும் நேர்கோட்டு அதிர்வி போட்டால் தட்டு சுத்தமாக விழும்.

ஜ, ஷ, ஸ, ஹ இன்னும் பாக்கி. அதைவிடப் பெரிய பாக்கி, இது பார்வையும் செவியும் உள்ள ஒருவன் மேஜையில் போட்ட கணக்கு என்பது. விரலால் கேட்டுப் பழகியவர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் குறிகளைத் தெரிந்துகொண்டு, அவர்கள் "இந்த இடம் ஒத்துவராது" என்று சொன்னால் அந்த இடத்தை மாற்ற வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் 'புரோடாக்டைல்' என்ற தொடு மொழியை 2007 வாக்கில் தொடங்கி வளர்த்தவர்கள் செவியும் பார்வையும் இழந்தவர்களே. அவர்கள் உள்ளங்கையோடு நிற்கவில்லை. கை, தோள், தொடை என்று கேட்பவரின் உடல் மேலேயே பேசுகிறார்கள். மேஜைக் கணக்கில் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

சைகை மொழியைக் குரலாக மாற்றும் கையுறையை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறோம். கருத்து? (மாணவிகள், சேலம்)

எடுக்கும் முன் சைகை மொழி பேசும் இருவரையாவது பார்த்தீர்களா? 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களின் 'சைன்அலவுட்' கையுறைக்குப் பரிசும் பாராட்டும் குவிந்தன. காது கேளாதோரும் மொழியியலாளர்களும் எதிர்த்து எழுதினார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் முக்கியமான பகுதி முகத்திலும் புருவத்திலும் தோளிலும் உடல் திரும்பும் திசையிலும் இருக்கிறது. விரலை மட்டும் படிக்கும் கருவிக்கு அது கண்ணில் படாது. இன்னொன்று, கேட்கும் திறனுள்ளவர் புரிந்துகொள்வதற்காகக் கேளாதவர் ஏன் கையுறை மாட்ட வேண்டும்? நீங்கள் எல்லோரும் ஒரு பருவம் சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள், பிறகு என்ன தேவை என்று அவர்களிடமே கேளுங்கள். தலைப்பு மாறும். மாறினால் நல்லது.

5ஜி வந்தால் உலகின் எந்த மூலைக்கும் தொடுதல் உடனே போகுமாமே? (வங்கி ஊழியர், திருச்சி)

கண்ணாடி இழைக்குள் ஒளி 1 மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து பெர்லின் நேர்கோட்டிலேயே சுமார் 7,300 கிலோமீட்டர். போக 36, வர 36 மில்லி செகண்ட், வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும். எந்த 'ஜி' வந்தாலும் இது குறையாது. எழுத்து அனுப்ப இந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை, எஸ்.எம்.எஸ். போதுமென்று பெர்லின்காரர்களே காட்டினார்கள். கை குலுக்குவதுதான் கஷ்டம். நான் தள்ள, நீங்கள் எதிர்த்துத் தள்ள, அந்தத் தள்ளல் தாமதமாக என்னிடம் வரும்போது நான் கையை எடுத்திருப்பேன். கருவி அந்தப் பழைய விசைக்குப் பதில் சொல்லி நடுங்கத் தொடங்கிவிடும். 'தொடு இணையம்' பேசுகிறவர்கள் 1 மில்லி செகண்ட் இலக்கு வைப்பது இதனால்தான். அந்த இலக்கு ஊருக்குள் நடக்கும்.

அறுவை சிகிச்சை ரோபோவுக்கு இந்தத் தொடு உணர்வு வந்துவிட்டதா? (செவிலியர், வேலூர்)

வந்துவிட்டது. திசு எவ்வளவு எதிர்க்கிறது என்பதை மருத்துவரின் கைப்பிடியில் உணர்த்தும் வசதியோடு 'டாவின்சி 5' கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் அனுமதி தந்தது. இதன் மூதாதை, 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கெர்ட்ஸ் கதிரியக்கப் பொருளைக் கையாள உருவாக்கிய இயந்திரக் கைகள்.

வேண்டாதவர் தொட்டால்? (கல்லூரிப் பேராசிரியை, மதுரை)

பெறுகிறவர் கையில் பூட்டு இருக்க வேண்டும். யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு பலத்தில் என்று மூன்றையும் அவரே திறக்கும்வரை ஒரு மோட்டாரும் அதிரக் கூடாது. நிறுத்தும் பொத்தான் ஆப்பின் நாலாவது பக்கத்தில் இருந்தால் அது பொத்தானே இல்லை. கையுறையின் மேலேயே, கண் தெரியாதவரும் தடவிக் கண்டுபிடிக்கும் மேடாக இருக்க வேண்டும். வெறும் அதிர்வுதானே என்று சொல்லும் வடிவமைப்பாளரை நான் நம்ப மாட்டேன்.

இதைச் செய்ய ஆசை. தமிழ்நாட்டில் யாரைப் பார்க்கலாம்? (ஐ.டி.ஐ. பயிற்றுநர், கடலூர்)

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பார்வையும் செவியும் இழந்தவர்களுக்கான பணியும் அங்கே நடக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கையுறை எடுத்துப் போக வேண்டாம். முதல் தடவை கையை மட்டும் கொடுங்கள், அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உணர்ந்துவிட்டு வாருங்கள்.

எங்க ஊர் வெயிலில் கையுறை மாட்ட முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

முழுக் கையுறை வேண்டாம். விரல் நுனியும் உள்ளங்கையும் திறந்திருக்கட்டும், மோட்டார்களைப் பின்னங்கைப் பட்டையிலும் மோதிரங்களிலும் வையுங்கள். விரலால் உலகத்தைத் தடவிப் பார்க்கிறவர்களுக்கு அந்த நுனிகளைத் துணியால் மூடுவது பெரிய இழப்பும்கூட.

எந்தக் கையில் மாட்டுவது? (பெயரில்லாத அஞ்சலட்டை, அரியலூர்)

இடது கையில். வலது கை எழுதுவதற்கு வேண்டும், சாப்பிடுவதற்கும். இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு மாற்றித் தையுங்கள்.